முகமும் முக்காலியும்

1840-ஆம் ஆண்டில், புகைப்படம் என்ற வித்தை உலகுக்கு அறிவிக்கப்பட்டு ஓராண்டு ஆகியிருந்த சமயத்தில், பிரெஞ்சு அரசாங்கத்தின் நிதி இலாகாவில் உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்த இப்போலித் பயார் என்பவர், மேலாடையைக் களைந்து, கண்களை மூடி, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து உட்கார்ந்தபடி தம்மைத் தாமே ஒரு படம் பிடித்துக்கொண்டு, அதன் பின்புறத்தில், இது நீரில் விழுந்து மாண்டுபோன பயாரின் சடலம் என்றும், தாகேர் என்பவருக்கு வாரி வழங்கிய அரசாங்கம் இந்த அபாக்கியவானுக்கு மட்டும் கையை விரித்துவிட்டது என்றும், பிணவறையில் பல நாள் கிடந்தும் உரிமை கொண்டாட ஒருவரும் வரவில்லை என்றும் விஸ்தாரமாக எழுதிவைத்தார். இப்படித் தமக்குத் தாமே மரண அறிவிப்பு எழுதிக்கொண்ட மனிதர், அதற்குப் பிறகு 47 ஆண்டுகள் ஜீவித்திருந்து 1887-இல்தான் காலமானார்.

பயாரின் மனத்தாங்கலுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. வெள்ளி முலாம் பூசிய செப்புத் தகட்டில் உருவத்தைப் பதிக்கும் முறையைத் தாகேர் கண்ட அதே காலத்தில், காகிதத்தின்மேலேயே நேராக உருவம் விழும்படியான வேறொரு முறையை இவர் சொந்த முயற்சியால் கண்டுபிடித்து, 1839 ஜூன் மாதத்திலேயே 30 படங்களைப் பொதுஜனங்களின் பார்வைக்கு வைத்திருந்தார். ஆனால் செல்வாக்கு தாகேரின் பக்கம் இருந்தபடியால் கௌரவமும் உபகாரச் சம்பளமும் அவருக்கே போய்ச் சேர்ந்தன. வேறொருவராக இருந்தால் மனுவுக்கு மேல் மனு எழுதியிருப்பார்; பயார் படம் எடுத்தார். அந்தப் படத்தில் கவனிக்க வேண்டிய விசேஷம் ஒன்று உண்டு. அவருடைய முகமும் கைகளும், வெயில் பட்டுக் கறுத்திருந்ததாலும் அக்காலத்து ரசாயனத்தின் குணத்தாலும், உடம்பைக் காட்டிலும் மிகவும் இருண்டு விழுந்திருந்தன; அந்தக் குறையை மறைக்க முயலாமல், சடலம் அழுகத் தொடங்கிவிட்டதற்கு அதுவே அடையாளம் என்று குறிப்பிலே சேர்த்துக் கதையை இன்னும் பலப்படுத்திக்கொண்டார். பல நிமிஷம் ஆடாமல் அசையாமல் இருக்கவேண்டிய அந்த நாளில் கண்களை மூடிக்கொள்வது அவருக்குச் சௌகரியமாகவும் இருந்திருக்கும்.

அவருக்கு ஓராண்டு முன்னதாக, அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் விளக்கு வியாபாரம் செய்த குடும்பத்தைச் சேர்ந்த ராபர்ட் கொர்னீலியஸ் என்ற இளைஞர், காமிராவைத் திறந்துவைத்துவிட்டு அதன் முன்னால் தாமே போய் நின்று தம் உருவத்தைத் தகட்டில் பதித்திருந்தார். கலைந்த தலைமயிரும், மார்பில் கட்டிய கைகளும், நடுவில் நில்லாமல் ஓரமாக ஒதுங்கிவிட்ட உருவமுமாக இருக்கும் அந்தப் படமே இன்று மிஞ்சியிருக்கும் தன்னுருவப் படங்களில் மிகப் பழையதென்று சொல்லுகிறார்கள். காமிராவின் பின்னால் நின்று, "கொஞ்சம் இந்தப் பக்கம் நகருங்கள்" என்று சொல்ல ஆள் இல்லாததால் நேர்ந்த ஒதுக்கம் அது போலும். தனியாகப் படமெடுத்துப் பார்த்த எவருக்கும் அது புதிதன்று.

ஆகவே, தன்னைத் தானே படமெடுத்தல் என்ற காரியம் தொடங்கிய முதல் இரண்டு ஆண்டுகளுக்குள்ளேயே ஒருவர் தாம் இருந்தபடி நின்றார், இன்னொருவர் தாம் அல்லாத ஒன்றாக நடித்தார். இன்று வீட்டின் ஜன்னலோரத்தில் ஒரு முக்காலியை நிறுத்தி, தம்மையே பல கோலங்களில் படம்பிடித்து, பிறகு கம்ப்யூட்டரின் முன் அமர்ந்து அவற்றைத் திருத்தியும் சேர்த்தும் விளையாடுகிறவர்களைக் கண்டு, இது தற்பெருமை என்றும், படத்தைத் திருத்துவது பொய் என்றும் முகம் சுளிக்கிறவர்கள், கொர்னீலியஸை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு பயாரை மறந்துவிட்டவர்கள் என்பது என் அபிப்பிராயம். எது தன் கையால் தெரிந்து செய்த திருத்தம், எது தனக்குத் தெரியாமல் தன் முகத்தின்மேல் நடந்த திருத்தம் என்பதில்தான் விவகாரம் இருக்கிறதே தவிர, திருத்தலாமா கூடாதா என்பதில் இல்லை.

கையை நீட்டி எடுத்துக்கொள்ளும் செல்ஃபியும் நான் சொல்லும் தன்னுருவப் படமும் ஒன்றல்ல என்பதை முதலில் தெளிவுபடுத்திவிட வேண்டும். காமிரா மூக்கின் நுனியிலிருந்து 30 சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கிறதென்று வைத்துக்கொண்டால், காது அதற்கும் சுமார் 12 சென்டிமீட்டர் பின்னால், 42 சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கிறது. தூரம் கூடக் கூட உருவம் அதே விகிதத்தில் சிறுத்துக்கொண்டு போகுமாதலால், காதோடு ஒப்பிடும்போது மூக்கு 1.4 மடங்கு பெருத்துப் பதிகிறது. அதே காமிராவை ஒன்றரை மீட்டர் தள்ளி வைத்தால் அந்த வித்தியாசம் 1.08 மடங்காகச் சுருங்கிவிடுகிறது. தம் மூக்கைக் குறித்து எத்தனையோ பேர் அடைந்திருக்கும் விசனத்துக்கு மூக்கு காரணமன்று, கையின் நீளமே காரணம் என்பதை இந்தச் சிறு கணக்கு காட்டிக்கொடுக்கிறது. முக்காலி வாங்க வேண்டியதன் அவசியமும் இதிலேயே அடங்கியிருக்கிறது.

மற்றொரு சங்கடம் கண்ணாடியினால் வருவது. நாம் வாழ்நாள் முழுவதும் பார்த்துப் பழகியிருப்பது நம் முகமன்று. இடம் வலம் மாறிய அதன் பிரதிபிம்பம். 1977-இல் அமெரிக்க உளவியல் ஆராய்ச்சியாளர்கள் சிலர், பெண்களின் புகைப்படத்தையும் அதையே இடம் வலம் திருப்பி அச்சிட்டதையும் அவர்களிடமும் அவர்களுடைய தோழியரிடமும் காட்டியபோது, தோழியர் நேர்ப்படத்தையும், சம்பந்தப்பட்டவர்கள் பெரும்பாலும் திருப்பிய படத்தையும் விரும்பினார்கள். பழக்கம் எதுவோ அதுவே அழகு என்று இரு தரப்பாருக்கும் தோன்றியிருக்கிறது. ஆதார் கார்டில் இருக்கும் தம் படத்தைப் பார்த்துத் திடுக்கிடாதவர் நம்மில் அரிது அல்லவா? அந்தத் திடுக்கத்தில் ஒரு பாதிக்குக் கம்ப்யூட்டர் சென்டரின் அவசரம் பொறுப்பு என்றால், மறு பாதிக்கு வீட்டுக் கண்ணாடிதான் பொறுப்பு.

தன் முகத்தோடு இத்தகைய பரிச்சயத்தை நம் தேசத்தில் மிகவும் பொறுமையாக வளர்த்துக்கொண்டவர் உமராவ் சிங் ஷேர்-கில். 1870-இல் பஞ்சாபின் பிரபுக் குடும்பம் ஒன்றில் பிறந்து, வடமொழியும் பாரசீகமும் கற்று, யோகாப்பியாசத்திலும் தத்துவ விசாரத்திலும் ஈடுபட்டிருந்த அவர், புகைப்படத்தைத் தொழிலாகக் கொண்டவரல்லர். ஓவியர் அமிருதா ஷேர்-கில்லின் தந்தை என்பதே நெடுங்காலம் வரையில் அவரைப் பற்றி உலகம் அறிந்திருந்த செய்தி. ஆனால் வாலிபப் பருவத்தில் தொடங்கி முதுமை வரையில், அரை நூற்றாண்டுக்கு மேலாக, புடாபெஸ்ட், சிம்லா, பாரிஸ் என்று குடும்பம் எங்கே குடியிருந்ததோ அங்கெல்லாம் அவர் தம்மைத் தாமே படம் பிடித்துக்கொண்டிருந்தார். தலைப்பாகையோடு ஒரு கனவானாக, புத்தகத்தில் ஆழ்ந்த பண்டிதராக, தலைமயிரை அவிழ்த்துவிட்ட சாதகராக, இடுப்பில் துண்டு மாத்திரம் உடுத்தி உபவாசத்தால் மெலிந்த தேகத்தைக் காட்டி நிற்கும் விரதியாக அந்தப் படங்களில் அவர் தோன்றுகிறார். பிறர் பாராட்டுக்கென்று எடுத்தவையாக அவை தோன்றவில்லை. ஆண்டுக்கு ஆண்டு தேகமும் மனமும் எப்படி மாறிக்கொண்டு வருகின்றன என்று ஒரு விஞ்ஞானியின் நிதானத்தோடு குறித்துவைத்த தினசரியைப் போலவே இருக்கின்றன. அடக்கமான சுபாவமுள்ள ஒருவர் தம் முகத்தையே இவ்வளவு பார்த்துக்கொண்டிருக்க முடியும் என்பது, தன்னைப் படமெடுப்பது தற்பெருமைதான் என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறவர்களுக்குப் போதுமான பதில்.

அந்தக் கதை அவரோடு முடிந்துவிடவில்லை. அமிருதா 1941-இல் 28-ஆம் வயதில் லாகூரில் இறந்தார். தாய் மாரீ ஆந்த்வானெத் 1948-இல் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். உமராவ் சிங் 1954 வரையில் இருந்தார். குடும்பத்தில் மிஞ்சிய அந்தப் படங்களையெல்லாம், அவருடைய இளைய மகளின் புதல்வரான ஓவியர் விவான் சுந்தரம், 2001-02-இல் கம்ப்யூட்டரில் ஏற்றி, பாட்டனார் வெவ்வேறு தேசங்களில் வெவ்வேறு காலங்களில் எடுத்த படங்களை ஒரே சட்டத்துக்குள் இணைத்து, 'ரீ-டேக் ஆஃப் அமிருதா' என்ற வரிசையாக வெளியிட்டார். வெவ்வேறு சமயங்களில் தனித்தனியே படமான தந்தையும் மகளும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இளமையும் முதுமையும் ஒரே கண்ணாடியில் எதிர்ப்படுகின்றன. மாஜிக் என்று வியக்க வைப்பதற்காக அவர் ஒட்டவைக்கவில்லை. ஒரு குடும்பத்தார் மனத்துக்குள் ஒருவரையொருவர் எப்படி நினைத்துக்கொண்டிருந்திருப்பார்களோ, அந்த நினைவுக்கு ஓர் உருவம் கொடுத்திருக்கிறார். டிஜிட்டல் திருத்தம் என்பது பருவை அழிப்பதற்கும் தொந்தியைக் குறைப்பதற்கும் ஏற்பட்ட உபாயம் மட்டுமே என்று எண்ணியிருப்பவர்கள் இந்த வரிசையை ஒரு தடவை பார்ப்பது நல்லது.

இனி, வீட்டுக்கு வருவோம். இதற்கென்று தனி ஸ்டூடியோவோ, பல்லாயிரம் ரூபாய் பெறுமானமுள்ள விளக்குகளோ தேவையில்லை. நேர் வெயில் விழாத ஒரு ஜன்னல், முடிந்தால் வடக்குப் பார்த்த ஜன்னல், இருந்தால் போதும். வெயில் விழுமானால் ஒரு வெள்ளை வேட்டியை அதன் குறுக்கே கட்டிவிட்டால் வெளிச்சம் பதமாகி உள்ளே பரவும். ஜன்னலுக்கு எதிர்ப்புறம், முகத்தின் நிழல் விழும் பக்கத்தில், ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் ஒரு தெர்மகோல் அட்டையைச் சாய்த்து நிறுத்தினால் அந்த நிழல் இளகும். அட்டையை விலக்கினால் முகத்துக்கு ஒரு கம்பீரம் வரும். இரண்டில் எது வேண்டுமென்பது அன்றைய மனநிலையைப் பொறுத்தது. நாற்காலி இருக்குமிடத்தைத் தரையில் சாக்பீஸால் குறித்துக்கொண்டு, தான் உட்காரவேண்டிய இடத்தில் ஒரு தலையணையை நிமிர்த்திவைத்து அதன்மேல் ஃபோகஸ் செய்து, பிறகு காமிரா தானாக ஃபோகஸ் தேடாதபடி அதை நிறுத்திவிட்டு, 10 விநாடி டைமரை முடுக்கித் தலையணை இருந்த இடத்தில் தான் போய் அமரவேண்டும். ஓடிவந்து உட்கார்ந்த களைப்பு முகத்தில் தெரியாமலிருக்கக் கைக்குள் அடங்கும் ப்ளூடூத் ரிமோட் உதவும். ட்யூப் லைட்டை அணைத்துவிடுவது உத்தமம். நம் ஊர் மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி உள்ளதாகையால், பழைய சோக் வைத்த குழல்விளக்கு விநாடிக்கு 100 தடவை மங்கி மங்கி எரிகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தத் துடிப்பு, வேகமான ஷட்டரில் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாக விழுந்துவிடும். அணைக்க முடியாதென்றால் ஷட்டரை விநாடியில் நூற்றில் ஒரு பங்கு அல்லது ஐம்பதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

படம் கம்ப்யூட்டருக்குள் போனபின் நடக்கும் காரியங்களும் திடீரென்று ஆகாயத்திலிருந்து குதித்தவையல்ல. 1857-இல் இங்கிலாந்தில் ஆஸ்கார் ரைலாண்டர் என்பவர், முப்பதுக்கு மேற்பட்ட நெகட்டிவ்களிலிருந்து துண்டு துண்டாக அச்செடுத்துச் சேர்த்து ஒரே பெரிய சித்திரத்தை உண்டாக்கினார். விக்டோரியா மகாராணியே அதன் பிரதி ஒன்றை விலைக்கு வாங்கினார் என்றாலும், புகைப்படம் இப்படிப் பொய் சொல்லலாமா என்ற ஆக்ஷேபம் அப்போதே எழுந்துவிட்டது. அவரே பின்னொரு சமயம், ஓவியராகிய தம்மையும், தொண்டர் படை உடுப்பணிந்த தம்மையும் ஒரே படத்தில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பரிகாசமாக அறிமுகம் செய்துவைத்திருக்கிறார். நம் ஊர் ஸ்டூடியோக்களிலும், நெகட்டிவின்மேல் கூர்மையான பென்சிலால் நுணுக்கமாக டச்சிங் செய்து கன்னத்துக் குழியையும் கண்ணின் கீழ்க் கருமையையும் நிரவிவிடும் நிபுணர்கள் இருந்தார்கள். அவர்களுடைய பெயர் எந்தப் படத்திலும் அச்சாகவில்லை.

இன்று வீடுதோறும் பெயர் தெரிந்த ஃபோட்டோஷாப்பும் ஓர் இருட்டறையிலிருந்து பிறந்தது என்றே சொல்லலாம். அதை 1987-இல் எழுதத் தொடங்கிய தாமஸ் நோல், தகப்பனார் வீட்டில் வைத்திருந்த இருட்டறையில் இளமையிலேயே பழகியவர்; சினிமாத் தந்திரக் காட்சிகளில் வேலை பார்த்த சகோதரர் ஜான் நோல் அவருடன் சேர்ந்துகொள்ள, 1990 பிப்ரவரியில் அடோபி கம்பெனி அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதிலே ஓர் இடத்தை வெளுக்கச் செய்யும் 'டாட்ஜ்' கருவிக்குக் குச்சியின் முனையில் வட்டத் தகடு ஒன்றும், கறுக்கச் செய்யும் 'பர்ன்' கருவிக்கு விரல்களை வளைத்துக் குவித்த கை ஒன்றும் சின்னமாக இருக்கக் காணலாம். இருட்டறையில் அச்சுக் காகிதத்தின்மேல் விழும் வெளிச்சத்தைத் தகட்டால் மறைத்தும், கையைக் குவித்து வேண்டிய இடத்தில் மட்டும் விழவிட்டும் வேலை செய்த அந்தக் காலத்துத் தொழிலாளிகளின் அபிநயம் அது. 1994-இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பில் 'லேயர்' என்னும் வசதி சேர்ந்த பிறகுதான், கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாற்போலப் படங்களை அடுக்கி, அடியில் உள்ள மூலத்துக்குச் சேதமில்லாமல் மேலே உள்ளதில் இஷ்டம்போல வேலை செய்வது சாத்தியமாயிற்று. பணம் கொடுத்து வாங்க இயலாதவர்களுக்கு, 1990-களின் நடுவில் பெர்க்லியில் இரண்டு மாணவர்கள் தொடங்கிய 'கிம்ப்' என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. நான் சொல்லப்போகும் வேலைக்கு அது தாராளமாகப் போதும்.

அந்த வேலைக்கு நம்மவர்கள் வைத்திருக்கும் பெயர் டபுள் ஆக்ட். 1917-இல் பால்கே எடுத்த 'லங்கா தகன'த்தில் அண்ணா சாலுங்கே என்ற நடிகர் ராமனாகவும் சீதையாகவும் தாமே தோன்றினார். 1940-இல் 'உத்தமபுத்திர'னில் பி.யு. சின்னப்பா இரட்டை வேஷம் போட்டார். அன்று முதல் தமிழ் ரசிகருக்கு இந்த வினோதம் சலித்ததே இல்லை. லென்ஸின் ஒரு பாதியை மறைத்து ஒரு வேஷத்தை எடுத்து, பிலிமைப் பின்னுக்குச் சுற்றி, மறு பாதியை மறைத்து இன்னொரு வேஷத்தை எடுப்பார்கள். நடுவில் ஒரு தூணோ கதவு நிலையோ இருந்து, இரு பாதிகளும் சேரும் கோட்டை மறைக்கும். இதையே வீட்டில் செய்து பார்ப்பதைப் போன்ற சுவாரசியமான பாடம் வேறில்லை.

கூடத்தில் ஒரு சாய்வு நாற்காலி. அதில் பத்திரிகை படிக்கும் ஒரு நான். பக்கத்தில் டபராவும் டம்ளருமாகக் காபி கொண்டுவந்து நீட்டும் இன்னொரு நான். முக்காலி இம்மியும் அசையக்கூடாது. வெளிச்ச அளவு, ஃபோகஸ், நிற அளவு மூன்றையும் மேனுவலுக்கு மாற்றிவிட வேண்டும். மேகம் வந்து போகிற நாளாக இருந்தால் இரண்டு படங்களுக்கும் இடையே நேரத்தைக் கடத்தக்கூடாது. மின்விசிறியை நிறுத்தத் தவறினால் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரின் தாள் ஒரு படத்தில் தூக்கியும் மறு படத்தில் படிந்தும் இருந்து காட்டிக்கொடுத்துவிடும். காபி கொடுக்கிறவன் எங்கே பார்ப்பது என்பது அடுத்த கேள்வி. அப்போது நாற்காலியில் ஆள் இல்லாததால், படித்தவனின் கண் இருந்த உயரத்தில் நாற்காலியின் முதுகில் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டிவைத்து அதைப் பார்க்கவேண்டும். இல்லாவிட்டால் அவன் எதிரே உள்ளவனின் காதுக்குக் காபி கொடுப்பான். இரண்டு படங்களையும் லேயர்களாக அடுக்கி, மேல் படத்துக்கு ஒரு மாஸ்க் சேர்த்து, அதில் கறுப்புத் தூரிகையால் தடவத் தடவ மேல் படம் விலகிக் கீழே இருக்கும் மற்றவன் வெளிப்படுவான். அதிகமாகத் தடவிவிட்டால் வெள்ளைத் தூரிகையால் தடவித் திரும்பப் பெறலாம். எல்லாம் முடிந்த பிறகும் ஏதோ ஒன்று சரியாக இல்லாதது போலத் தோன்றும். உற்றுப் பார்த்தால் விஷயம் விளங்கும்: ஜன்னல் பக்கம் நிற்பவனின் நிழல், உட்கார்ந்திருப்பவனின் மடியில் விரிந்த பத்திரிகையின்மேல் விழவில்லை. ஒரு புது லேயரை 'மல்டிப்ளை' என்ற முறையில் வைத்து, பத்திரிகைத் தாளின் நிறத்திலேயே கொஞ்சம் இருண்ட சாயத்தை எடுத்து, விளிம்பு மங்கிய தூரிகையால் அந்த நிழலை நாமே எழுத வேண்டியதுதான். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, எங்கே போய் முடிகிறது என்று அந்த ஒரு நிழலை எழுதுகிறபோது கற்றுக்கொள்வதைப் பல புத்தகங்கள் சொல்லிக்கொடுக்க மாட்டா.

இந்த விளையாட்டுக்கு வயது ஒரு தடையன்று என்பதற்கு ஜப்பானில் குமாமோட்டோ நகரத்துக் கிமிகோ நிஷிமோட்டோ அம்மையாரைக் காட்டிலும் சிறந்த சாட்சி இல்லை. 1928-இல் பிறந்து, இளமையில் சிகை அலங்காரத் தொழிலும் பிறகு சைக்கிள் பந்தயமும் செய்து, குழந்தைகளைப் பெற்று வளர்த்த அந்தப் பாட்டி, 72-ஆம் வயதில், மகன் நடத்திவந்த புகைப்பட வகுப்பில் போய்ச் சேர்ந்து முதன்முதலாகக் காமிராவைக் கையில் எடுத்தார். கம்ப்யூட்டரில் படங்களைத் திருத்தவும் பழகிக்கொண்டார். அதன்பின் அவர் எடுத்த தன்னுருவப் படங்களில், குப்பை போடும் பிளாஸ்டிக் பைக்குள் தம்மைத் தாமே கட்டிக்கொண்டு கிடப்பார். துணி உலர்த்தும் கொடியில் துணியோடு துணியாகத் தொங்குவார். துடைப்பத்தின்மேல் ஏறி ஆகாயத்தில் பறப்பார். முதுமையைப் பற்றி உலகம் இரக்கத்தோடு பேசும் பேச்சையெல்லாம் அவர் ஒரே ஒரு படத்தால் கவிழ்த்துவிடுகிறார். குப்பைப் பைக்குள் இருக்கும் கிழவியைப் பார்த்துச் சிரித்த பிறகுதான், கிழவர்களை நாம் எங்கே வைத்திருக்கிறோம் என்ற கேள்வி மெல்லத் தலைகாட்டுகிறது. அவர் அதை ஒருநாளும் பிரசங்கமாகச் செய்ததில்லை. 2025-இல் 97-ஆம் வயதில் காலமானார். பறக்கும் படங்களின் சூட்சுமம் மிகவும் எளியது: ஒரு ஸ்டூலின்மேல் அமர்ந்து ஒரு படம், அதே இடத்தில் யாரும் எதுவும் இல்லாமல் ஒரு படம், பின்னதை அடியில் வைத்து, முன்னதிலிருந்து ஸ்டூலை மட்டும் மாஸ்கில் தடவி விலக்கிவிட்டால் ஆள் அந்தரத்தில் நிற்பார். உடுப்பு ஸ்டூலின்மேல் மடிந்து கிடக்காமல் தொங்கும்படி பார்த்துக்கொள்வதே அதில் உள்ள ஒரே கஷ்டம்.

இத்தனையும் சொன்ன பிறகு, மனத்தில் உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். அது நம் தோலின் நிறத்தைப் பற்றியது. காமிராவில் உள்ள வெளிச்சமானி, எதிரில் இருப்பது எதுவானாலும் அது சராசரியில் நடுத்தரச் சாம்பல் நிறமென்றே எண்ணிக் கணக்குப் போடுகிறது. ஆகையால் வெள்ளைச் சுவரின் முன் கறுத்த முகத்தோடு ஒருவர் அமர்ந்தால், சுவரின் வெண்மையை அடக்குவதற்காக முகத்தை இருட்டில் தள்ளிவிடுகிறது. வெளிச்சத்தை ஒரு படி கூட்டி எடுப்பது அல்லது சுவரை விட்டு நிறம் கூடிய திரையின் முன் அமர்வது அதற்குப் பரிகாரம். இதற்கும் ஒரு பழங்கதை உண்டு. 1950-களிலிருந்து கோடக் கம்பெனி, கலர்ப் படங்களின் நிறம் சரியாக இருக்கிறதா என்று லேபரட்டரிகள் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஒரு பெண்ணின் படத்தை அனுப்பிவைத்தது. 'ஷர்லி கார்டு' என்று வழங்கிய அதில் பல்லாண்டுகள் வரையில் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் முகமே. அந்த முகம் நன்றாக விழுந்தால் எல்லாம் சரி என்பது கணக்கு; மாநிறமும் கறுப்பும் சேறாக மங்கிப்போனதைப் பற்றிப் பலத்த முறையீடு சாக்லேட் வியாபாரிகளிடமிருந்தும் மரச்சாமான் வியாபாரிகளிடமிருந்தும் வந்த பிறகே பிலிமின் குணத்தைத் திருத்தினார்கள் என்று அதைப் பற்றி ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். மனிதர்களின் முறையீடு அவ்வளவு தூரம் எட்டவில்லை!

ஆனால் அந்தக் கம்பெனியை மட்டும் குறைசொல்லிப் பயன் என்ன? "கொஞ்சம் கலராப் போட்டுக் குடுங்கண்ணே, மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பணும்" என்று கேட்காத குடும்பமுண்டா, அந்தக் கோரிக்கையை நிறைவேற்றாத ஸ்டூடியோ உண்டா? அந்தக் காலத்தில் கேட்டுச் செய்துகொண்டதை, இந்தக் காலத்துச் செல்போன்களில் பல, கேளாமலே செய்துவிடுகின்றன என்பதுதான் வித்தியாசம். அழகூட்டும் ஃபில்டர் என்ற பெயரில் கன்னத்தின் துளைகளை நிரவி, தாடையை ஒடுக்கி, கண்ணை விரித்து, நிறத்தை இரண்டு படி வெளுக்கச் செய்து, இதுதான் நீ என்று நீட்டுகின்றன. பயார் தம்மைப் பிணமாக்கிக்கொண்டபோது அதைத் தெரிந்தே செய்தார். கிமிகோப் பாட்டி பறந்தபோது ஸ்டூல் எங்கே இருந்ததென்று அவருக்குத் தெரியும். பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி தன் போனை எடுத்துப் பார்த்து, படத்திலே இருக்கிறவள் நன்றாக இருக்கிறாள், கண்ணாடியிலே இருக்கிறவளிடம்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொள்ளும்போது, எது திருத்தப்பட்டது என்பதே அவளுக்குத் தெரிவதில்லை. பிரான்ஸில் 2017 முதல், விளம்பர மாடலின் உடலமைப்பைத் திருத்திய படமானால் அதைச் சொல்லியாக வேண்டுமென்று விதி இருக்கிறது. நார்வேயும் 2021-இல் அதைப் போன்ற சட்டமொன்றை இயற்றியது. தன் வீட்டில் தன் போனில் தனக்கே நடக்கும் திருத்தத்துக்குச் சட்டம் எங்கே வரப்போகிறது? போனின் காமிராவைத் திறந்தவுடன் அந்த வசதியைத் தேடிப்பிடித்துப் பூஜ்யத்துக்கு இறக்கிவைப்பதே நம்மால் ஆகக்கூடியது.

அந்தப் பெண்ணிடமே ஒரு முக்காலியையும் கிம்பையும் கொடுத்து, பருவை அழிக்கும் 'ஹீல்' கருவியை அவளே கையாளட்டும் என்று விட்டுப் பார்த்தால் நடப்பது வேறு. முதல் நாள் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் பொம்மை போன்ற முகத்தோடு நிற்பாள். மறுநாள், மறைந்துவிடும் பருவை அழிக்கலாம், மறையாத மச்சத்தை விட்டுவிடலாம் என்று ஒரு நியதி தானாக ஏற்படும். அழித்த லேயரைத் திறந்தும் மூடியும் பார்க்கிறபோது, மேல் உதட்டின் ஓரத்து வடு இல்லாத முகம் அம்மாவின் ஜாடையை இழந்துவிடுவதைக் கவனிப்பாள். அந்த லேயரின் அழுத்தத்தை 40 சதவீதமாகக் குறைத்துக்கொள்வாள். படத்தை ஜேபெக்காக மட்டும் எடுக்காமல் 'ரா' வடிவிலும் எடுத்துவைத்தால், பல ஆண்டு கழித்து அவளுக்கு வேறு ரசனை வரும்போது மூலத்திலிருந்து மறுபடி தொடங்க முடியும். கோப்புக்குத் தேதியைப் பெயராக இடுவது போதுமான ஒழுங்கு. பிறருடைய முகத்தின்மேல் இப்படி வேலை செய்வதென்றால் அவர்களுடைய சம்மதம் வேண்டும், இக்காலத்தில் அது பெரிய விவகாரம். தன் முகம் ஒன்றுதான் யாரிடமும் அநுமதி கேளாமல் பழகுவதற்குக் கிடைக்கும் முகம்.

கடைசியாக, படத்தைத் திரையிலேயே வைத்திருக்காமல் அச்சிட்டுப் பார்ப்பது நல்லது. ஆறுக்கு நான்கு அளவில் ஒரு பிரதிக்கு ஆகும் செலவு அற்பம். ஆனால் டிஜிட்டல் லேபின் இயந்திரமும் தன் பங்குக்கு நிறத்தையும் வெளிச்சத்தையும் திருத்தித்தான் அச்சிடும். நாம் பார்த்துப் பார்த்து எழுதிய நிழலை அது ஒரே விநாடியில் வெளுக்க வைத்துவிடும். ஆகவே பென் டிரைவைக் கொடுக்கும்போதே, "கரெக்‌ஷன் போடாம அப்படியே அடிச்சுக் குடுங்க, தம்பி" என்று சொல்லிவிட வேண்டும். அவர் திரையில் படத்தைப் பார்ப்பார், நம் முகத்தைப் பார்ப்பார், "கொஞ்சம் ப்ரைட் பண்ணிரட்டா சார்?" என்று ஒரு தடவை கேட்பார். வேண்டாமென்று இரண்டாம் தடவையும் சொல்லத் தயாராகப் போவது உசிதம்.